இடுப்பில் ஒரு கணக்கப்பிள்ளை

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊராரின் கணக்கில் எங்கே பொய் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். பொய்க் கணக்கின் முதல் அடையாளம் முழு எண். லாரி வாடகை 5,000, கூலி 2,000, டீ செலவு 500 என்று வரிசை கட்டி வந்தால் பேனாவை மூடிவிட்டு, "அண்ணே, பில்லைக் காட்டுங்க" என்பேன். நிஜமான செலவு 4,870 என்று சில்லறையோடுதான் வரும்.

இத்தனை தெரிந்த நான் சர்க்கரை டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் இடுப்பிலிருந்த இன்சுலின் பம்ப்பை அவர் தன் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"காலைல 45 கிராம் மாவுச்சத்து, மத்தியானம் 60, ராத்திரி 45. மூணு மாசமா ஒரு கிராம் மாறல. வீட்ல தராசு வச்சுச் சாப்பிடறீங்களா சார்?"

"இல்ல மேடம்... மெஷின் சில சமயம்..."

"மெஷினுக்கு இந்த நம்பரைச் சொன்னது யாரு?"

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நான் அமுக்கிய பட்டன், அமுக்காத பட்டன், அடிக்க அடிக்க அணைத்த அலாரம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அவசரமாகப் போட்ட டோஸ் என்று அத்தனையையும் மணி, நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிறது அது. சம்பளமில்லாத கணக்கப்பிள்ளை. லஞ்சமும் வாங்காது.

எனக்கு இருப்பது டைப் 1. கணையம் இன்சுலின் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்ட வகை. நடுவயதில் வந்து பலருக்கு மாத்திரையிலேயே அடங்குகிற சர்க்கரை வேறு. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களெல்லாம் எனக்குச் சொல்லும் வெந்தயமும் பாகற்காயும் அந்த வேறு சர்க்கரைக்கான யோசனைகள். எங்களுக்கு வெளியிலிருந்து இன்சுலின் வந்தால்தான் மறுநாள். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடும் வரைக்கும் எங்கள் வகையறாவுக்கு மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி போட்டு நாளைத் தள்ளுவதுதான். அந்த முதல் ஊசியும் உருப்படியாக வேலை செய்யவில்லை, சரக்கில் அசுத்தம். கோலிப் என்ற வேதியியல்காரர் அதைச் சுத்தம் செய்து கொடுத்து, 12 நாள் கழித்துப் போட்டதுதான் பலித்தது. ஆக, எங்கள் சரித்திரமே சப்ளை கோளாறில் தொடங்குகிறது. இதை டாக்டரிடமும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பம்ப் என்றால் பெரிய சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்டு கேடிஷ் என்ற டாக்டர் செய்த ஆதிப் பம்ப்பை முதுகில் மாட்டித் தூக்க வேண்டியிருந்ததாம். இப்போதையது உள்ளங்கைக்குள் அடங்கும். "இன்னுமாடா பேஜர் வச்சிருக்கே?" என்று பெரியப்பா ஒருவர் கேட்டார். உள்ளே ஒரு சின்னக் குப்பி, அதைத் தள்ள ஒரு மோட்டார், அங்கிருந்து மெல்லிய குழாய், குழாயின் முனையில் வயிற்றுத் தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாளம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் தள்ளும், அது பேசல். சாப்பிடும்போது நாம் கணக்குச் சொன்னால் மொத்தமாகத் தள்ளும், அது போலஸ்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று ஒரு நாள் அலுவலகத்தில் வேலையில்லாத மத்தியானத்தில் கணக்குப் போட்டேன். ஒரு மில்லி இன்சுலினில் 100 யூனிட். நடுராத்திரியில் எனக்கு மணிக்கு 0.65 யூனிட். சாதாரணமாக ஒரு சொட்டு என்பது 5 யூனிட் அளவுக்கு வரும். அதாவது ஒரு சொட்டை ஏழெட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது. இந்த நுணுக்கத்தை நம்பி ஒப்படைத்திருப்பதோ, வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஒருவனிடம்.

குழாயில் காற்று புகுந்தால் இந்த நுணுக்கம் போயிற்று. ஓர் அங்குல நீளத்துக்குக் குமிழி நின்றால் ஏறத்தாழ அரை யூனிட் நஷ்டம். பம்ப்புக்கு அது தெரியாது. காற்றைத் தள்ளிவிட்டு இன்சுலின் தள்ளியதாகப் பதிந்துகொள்ளும். இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே குப்பியில் நிரப்ப வேண்டும். சில்லென்று நிரப்பினால் பிறகு சூடேறும்போது குமிழி விடும். பயிற்சி கொடுத்த பெண் இதைப் படம் வரைந்து விளக்கினார். நான் இன்றைக்கும் காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டே முக்காலுக்குத்தான் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன்.

இன்னொரு குணக்கேடு சிக்கனம். குழாயும் நாளமும் சேர்ந்த செட்டை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதன் விலை என்னை ஒவ்வொரு முறையும் புண்படுத்துகிறது. ஒரு நாள் தள்ளினால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் தள்ளினால் இன்னும் அழகான தொகை. நான்காம் நாள் செட் போட்ட இடம் சிவந்து கன்றிப்போய், போகிற இன்சுலினைத் தோல் சரியாக உறிஞ்சாமல், சர்க்கரை 260-லேயே நிற்கும். அப்போது வீட்டில் நான் சொல்வது: "மெஷின் சரியில்லை."

வேட்டி கட்டுகிறவனுக்கு இந்தப் பம்ப்பை எங்கே வைப்பது என்பது பற்றி எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது. பேன்ட் என்றால் பெல்ட்டில் மாட்டலாம். வேட்டியில் மாட்டினால் நாலு அடி நடப்பதற்குள் வேட்டியே இறங்கிவிடுகிறது. கடைசியில் அப்பாவின் பச்சை பெல்ட்டை எடுத்துக் கட்டினேன். முன்பக்கம் பை வைத்த அந்தக் காலத்து அகல பெல்ட். அப்பா அதில் கொள்முதல் பணம் வைத்திருந்தார். பம்ப் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. குழாய்தான் பிரச்சினை. வேட்டி மடிப்புக்கு வெளியே ஒரு வளையமாகத் தொங்கி, கதவுக் கைப்பிடி தென்பட்ட இடத்திலெல்லாம் மாட்டும். நான் முன்னே போவேன், குழாய் பின்னால் நிற்கும், வயிற்றிலிருந்த செட் பிளாஸ்திரியோடு பிய்ந்து வரும். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு மட்டுமே எத்தனை செட்டைத் தின்றிருக்கிறது என்பதை அந்த எக்செல்லில் சேர்க்கவில்லை.

மன்னார்குடியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் அந்தப் பச்சை பெல்ட்டோடுதான் போனேன்.

தூங்கப் போகும் முன் புதுச் செட் போடாதே என்பது பம்ப் கட்டியவர்களின் பாலபாடம். செட் சரியாக இறங்கியதா என்று இரண்டு மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மண்டபத்துக் குளியலறையின் மங்கல் வெளிச்சத்தில் நள்ளிரவுக்கு மேல் செட் போட்டுவிட்டு, ஜமக்காளத்தில் விழுந்தேன். காலை ஐந்தரைக்குப் பார்த்தால் 310. ராத்திரி சாப்பிட்ட பாதுஷாவின் மேல் பழியைப் போட்டேன். பம்ப்பில் 5 யூனிட் கொடுத்தேன். முகூர்த்த நேரத்தில் 350. இன்னொரு 6. முகூர்த்தம் முடிந்து டிபன் பந்தியில் கேசரியும் பொங்கலும் இலைக்கு வந்தன. கேசரிக்கும் பொங்கலுக்கும் கணக்குப் போட்டுத் தாராளமாக இன்னொரு டோஸ். பம்ப்பின் கணக்குப்படி அன்று காலை நான் ஏகப்பட்ட இன்சுலின் வாங்கியிருக்கிறேன். உடம்பில் வரவு வைத்தது பூஜ்யம். தோலுக்கடியில் நாளம் இரண்டாக மடிந்திருந்தது.

அலாரம் அடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அடைப்பு அலாரம் குழாயில் அழுத்தம் ஏறினால்தான் அடிக்கும். மணிக்கு ஒரு யூனிட்கூட இல்லாத பேசலில் அந்த அழுத்தம் சேர மணிக்கணக்காகும். சில சமயம் மருந்து நாளத்தின் ஓரமாகக் கசிந்து வெளியே வந்துவிட்டால் அழுத்தமே ஏறாது. என் விஷயத்தில் அது அடித்தும் இருக்கிறது. ஒரு தடவை, கெட்டிமேளத்தின்போது. இரண்டு தவில், இரண்டு நாகஸ்வரம், அவற்றுக்கு அடியில் பச்சை பெல்ட்டுக்குள் ஒரு கீச்சொலி. யாருக்குக் கேட்கும்? பிறகு அதிர்ந்தது. செல்போன் என்று நினைத்து, அட்சதையோடு கையை விட்டு அணைத்தேன்.

ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு ஒரு நாள் முழுக்க நிற்கிற இன்சுலின் ஒன்று உடம்பில் இருக்கும். ஒரு வேளை தவறினாலும் அது தாங்கும். பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலை செய்து மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற ரகம் மட்டும். சப்ளை நின்றால் கையிருப்பு இல்லை. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, கீட்டோன் என்ற அமிலச் சரக்கு ரத்தத்தில் ஏறும். முற்றினால் நேராக ஐ.சி.யூ. பத்து மணிக்கு மண்டபத்துப் பின்புறம் வாழைக்கட்டைகளுக்கு நடுவே நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒருத்தி வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, "நேத்திக்கே சொன்னேன், பட்டுச் சட்டைல உன் மேல எல்லார் கண்ணும் பட்டுடுச்சு" என்றாள். கீட்டோன் பார்க்கும் பட்டை பையில் இருந்தது, காலாவதி. இன்சுலின் பேனாவும் பையில் இருந்தது, பை அறையில், அறைச் சாவி மாப்பிள்ளை வீட்டாரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போயிருந்தது.

சாவி வந்து, பேனாவில் போட்டு, செட்டைப் பிடுங்கி, வேறு செட் போட்டு, தண்ணீராகக் குடித்துச் சாயங்காலத்துக்குள் ஒருவாறு மனிதனானேன். டாக்டர் அப்புறம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "காரணம் தெரியாம 250-க்கு மேல போய், பம்ப்ல ஒரு தடவை போட்டும் இறங்கலன்னா, அடுத்த டோஸ் ஊசியில, செட்டை மாத்துங்க, கீட்டோன் பாருங்க." அடைத்த குழாய் வழியாகவே திரும்பத் திரும்ப மருந்து அனுப்பியவனிடம் இதைவிடப் பொறுமையாக யாரும் பேசியதில்லை. ஊசியிலிருந்து விடுதலை என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் பம்ப் வாங்கினேன். இப்போது பம்ப்பையும் சுமக்கிறேன், ஊசியையும் சுமக்கிறேன்.

பாடம் கற்றேனா? ஒரு பக்கமாகக் கற்றேன். அதற்குப் பிறகு எண் ஏறினாலே எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. 240 என்று காட்டினால் "அப்படியா சேதி?" என்று பம்ப் சொன்ன அளவுக்கு மேல் இரண்டு யூனிட். அரை மணியில் இறங்கவில்லையா, இன்னும் மூன்று. முதலில் போட்டது இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, பொறு என்று பம்ப்பே திரையில் கணக்குக் காட்டும். கணக்கப்பிள்ளை பேச்சை முதலாளி எப்போது கேட்டிருக்கிறார்? இரண்டு மணி நேரத்தில் 58-க்கு இறங்கி, கை நடுங்கி, சட்டை நனைந்து, ஃபிரிட்ஜ் முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திரு என்பது விதி. அந்த நேரத்தில் 15 நிமிடம் காத்திருக்கிற மனிதரை நான் சந்தித்ததில்லை. குளுக்கோஸ் பொடி, அதன் மேல் வாழைப்பழம், அதன் மேல் குழந்தைக்கு வாங்கி வைத்த கடலைமிட்டாய். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் 240.

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் ஆள். ரத்தத்தில் அல்ல, தோலுக்கடியில் இருக்கிற நீரில் சர்க்கரையை அளக்கிறது. ஆகவே நிலவரத்தைச் சில நிமிடம் தாமதமாகத்தான் சொல்லும். அந்தக் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் பொய்யாக 'லோ' காட்டும். ஒரு ராத்திரி அது அலறியது. நான் எழவில்லை. என் மனைவி எழுந்து, நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்து, வாயைத் திறந்து குளுக்கோஸைக் கொட்டினாள். மூச்சுத் திணறி எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 145.

"மெஷின் சொல்றதை நம்பறதா வேண்டாமா? அதை மொதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள், தலையணை முழுக்க வெள்ளைப் பொடியோடு.

"படுத்துக்கிட்டு இருந்தா நம்பாதே" என்று விதி செய்தேன். அடுத்த வாரமே படுத்துக்கொண்டிருக்கும்போது நிஜமான லோ வந்தது. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவள் என் விதியை மதிக்காததால் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பம்ப்புக்குப் போடும் பேட்டரிகூட என் யோக்கியதையைச் சோதிக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு 'பேட்டரி குறைவு' என்று கத்தும். வீட்டில் புது பேட்டரி இருக்காது. சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போடுவேன். பாதி தீர்ந்த பேட்டரியைப் பம்ப் தொட்டுப் பார்த்துவிட்டு நிராகரிக்கும். டிவி ரிமோட்டிலிருந்து எடுத்தது அளவே வேறு. குழந்தையின் பொம்மை ரயிலில் ஒன்று அகப்படும், அதை ஏற்றுக்கொள்ளும். காலையில் ரயிலும் ஓடாது, கடிகாரமும் ஓடாது. வெயில் விஷயத்தைச் சொன்னால் நீளும். கத்திரி வெயிலில் டவுன் பஸ்ஸில் இடுப்பில் கட்டிய குப்பிக்குள் இன்சுலின் வெந்துபோன கதை ஒன்று. அது வேகக் கூடாது என்று மீதி இருப்பை ஃபிரிட்ஜில் உறைபெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, அத்தனையும் கட்டியாக உறைந்து குப்பைக்குப் போன கதை இன்னொன்று. 2-லிருந்து 8 டிகிரிக்குள் வை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறான்.

2011-ல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஜே ராட்கிளிஃப் என்பவர், அவரும் டைப் 1 தான், தன் பம்ப்பையே வெளியிலிருந்து ரேடியோ வழியாக ஊடுருவ முடியும் என்று காட்டி உலகத்தைப் பயமுறுத்தினார். பிற்பாடு அமெரிக்காவில் அந்த மாதிரி ஓட்டை உள்ள சில பழைய மாடல்களைத் திரும்பப் பெறவும் செய்தார்கள். ஆனால் அதே பழைய மாடல்களைத் தேடிப் பிடித்து, அந்த ஓட்டை வழியாகவே சென்சாரை இணைத்து, தானாக இயங்கும் செயற்கைக் கணையத்தை வீட்டிலேயே செய்துகொண்ட ஒரு கூட்டமும் இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் பொறாமை. என் பம்ப்புக்குள் எவனாவது அந்நியன் புகுந்துவிடுவானோ என்ற பயம் எனக்கு எழுந்ததே இல்லை. புகுந்தால், எப்படியும் என்னைவிட ஒழுங்காக நடத்துவான்.

இப்படி இருக்கையில், நிஜமாகவே மெஷின் குற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. மோட்டார் பழுது என்று திரையில் எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டது. எனக்குக் கவலையைவிடச் சந்தோஷம் அதிகம். டாக்டரிடம் காட்டுவதற்காக அதைப் போட்டோ எடுத்தேன். பிறகுதான் உதவி எண்ணுக்குப் போன்.

"சார், செட் மாத்திப் பாத்தீங்களா?"

"தம்பி, மோட்டார் பழுதுன்னு அதுவே சொல்லுது."

"சரிங்க சார். பேட்டரி மாத்திப் பாத்தீங்களா?"

வாரண்டியில் வேறு பம்ப் வருவதாக முடிவானது. அது வரும் வரைக்கும் ஊசி. டாக்டரிடம் அளவு கேட்டு, மருந்துக் கடையில் பேனா வாங்கிச் சமாளித்தேன். புதுப் பம்ப் வந்தது. திறந்தால் முதலில் மணி கேட்டது. சொன்னேன். அடுத்து, எந்த நேரத்துக்கு எத்தனை யூனிட் பேசல் என்று கேட்டது. அந்த எண்களெல்லாம் செத்துப்போன பம்ப்புக்குள். எழுதி வையுங்கள், எழுதி வையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொல்லி, நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிய அதே எண்கள்.

என் மனைவி அடுக்களையிலிருந்து பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். கேஸ் புக் செய்த தேதி, சீட்டுப் பணம், அதற்குக் கீழே 'அவர் பம்ப்' என்று தலைப்புப் போட்டு, 12-4க்கு 0.65, 4-8க்கு 0.90 என்று வரிசையாக. டாக்டர் மாற்றிய போதெல்லாம் பழையதை அடித்துப் புதிதை எழுதி, பக்கத்தில் தேதி. டாக்டருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அதையே போடச் சொன்னார். போட்டேன்.

அன்று ராத்திரி முதலே சர்க்கரை தறிகெட்டு ஆடியது. விடியற்காலையில் ஏறியது, சாயங்காலம் காரணமில்லாமல் இறங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் அலுவலகத்து மொட்டை மாடியில் நின்றுகொண்டு உதவி எண்ணைக் கூப்பிட்டு, ஓட்டை மெஷினுக்குப் பதில் இன்னோர் ஓட்டை மெஷினைத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள், நுகர்வோர் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். அதே தம்பிதான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சார், ஸ்கிரீன்ல இப்போ மணி என்ன காட்டுது?"

"ஒண்ணு இருபது."

"பக்கத்துல ஏ.எம்.மா, பி.எம்.மா சார்?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திரையைக் கையால் மறைத்து, கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"